இளைக்கிறதுக்கு என்ன சாப்பிடணும்? தையல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டையில் 19 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம். யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே என் அளவு நோட்டுக்குத் தெரிந்துவிடும். அதே நோட்டில் என் அளவும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் 78 கிலோ, இடுப்பு 39 இன்ச். இப்போது 66 கிலோ, 34 இன்ச்.

சுகர் பார்டரில் நிற்கிறது என்று சொன்ன பிறகுதான் நான் விழித்துக்கொண்டேன். அரசு மருத்துவமனை டயட்டீஷியன் ஒருவர் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மீதியைத் தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டது கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

"இன்னாக்கா, பாதியா இளைச்சிட்ட! அப்படி என்னதான் சாப்பிடுற? ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும்."

பாதியெல்லாம் இல்லை, 12 கிலோதான். அதற்கே இரண்டு வருடம் ஆனது. ஒன்றே ஒன்று என்று எதுவும் கிடையாது. கேட்கிறவர்கள் முகம் வாடுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு முன்பும் மூன்று முறை இளைத்திருக்கிறேன். ஒரு தடவை கொள்ளு ரசம், ஒரு தடவை ராத்திரிக்கு வெறும் பப்பாளி, ஒரு தடவை டப்பா பவுடர். மூன்று முறையும் நாலைந்து கிலோ போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. நான்காவது முறை எனக்கு நானே ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன். இந்தச் சாப்பாட்டை மாதக் கடைசியிலும், தீபாவளித் தையல் நெருக்கடியிலும், தங்கச்சி வீட்டுக்குப் போனாலும் சாப்பிட முடியுமா? முடியாது என்று தோன்றிய எதையும் தொடங்கவே இல்லை. அதனால் என் சமையலில் புதுப் பொருள் ஒன்றுகூடச் சேரவில்லை. அளவு மாறியது, தட்டில் போடும் வரிசை மாறியது.

"எனக்கு நெஜமாவே வெயிட் ஜாஸ்தியா, இல்ல பாக்கத்தான் அப்படி இருக்கேனா?"

கண்ணாடியைக் கேட்காதீர்கள், டேப்பைக் கேளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சுற்றளவு எடுங்கள். நம் நாட்டு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. இன்ச் கணக்கில் ஏறக்குறைய 31 அரை, 35 அரை. (அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக் காட்டுகிறவர்களுக்கு: ஜாக்கெட் தைத்து வந்தபிறகு என்னைத் திட்டக்கூடாது.)

இன்னொரு கணக்கு பி.எம்.ஐ. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். வெளிநாட்டில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்பார்கள். நமக்கு 23, 25 என்று இறக்கி வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பும் சுகரும் வந்துவிடுகின்றன. என் உயரம் 155 செ.மீ. இந்த 66 கிலோவிலும் எனக்கு 27 அரை வருகிறது. கணக்குப்படி நான் இன்னும் குண்டுதான். ஆனால் தொடங்கிய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சுகர், பிரஷர் இரண்டுக்கும் நல்லது என்று டயட்டீஷியன் சொன்னார். பார்டரில் இருந்த என் சுகர் இறங்கியது 7 கிலோ குறைந்த சமயத்தில்தான்.

"சோத்தை விட்டாத்தான் இளைக்குமாமே?"

இளைக்கும். ஆனால் எத்தனை நாளைக்கு விடுவீர்கள்? 2018இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தது. ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து குறைவு, இன்னொரு பிரிவுக்குக் கொழுப்பு குறைவு. இரண்டு பிரிவிலும் சராசரியாக 5, 6 கிலோ குறைந்தது, சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எதை விட்டோம் என்பதைவிட, விட்டதை நம்மால் தொடர முடிந்ததா என்பதுதான் பெரிது.

100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. ரேஷன் அரிசியோ பாஸ்மதியோ, பெரிய மாற்றம் கிடையாது. முன்பு மதியம் மட்டுமே 150 கிராம் அரிசியின் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எடை போட்டுப் பார்த்துத்தான் அது தெரிந்தது. இப்போது 75 கிராம் அரிசி, சமைத்தால் இரண்டு கரண்டி. அது ஒன்றிலேயே 260 கலோரி போய்விட்டது. சோறு தட்டில் இருக்கிறது, குழம்பு ஊற்றிப் பிசைகிறேன், எனக்கும் அத்தைக்கும் சண்டை இல்லை.

"கலோரி கணக்கெல்லாம் நமக்கு வராதுமா. வேற வழி சொல்லு."

தட்டுதான் வழி. பாதித் தட்டு கீரை, பொரியல், கூட்டு. கால் தட்டு மீன், முட்டை, பருப்பு, சுண்டல் இவற்றில் ஏதாவது. மீதிக் கால் சோறு. வரிசையாகப் போடவேண்டும்: முதலில் காய், அப்புறம் மீன், கடைசியில் சோறு. சோற்றை முதலில் போட்டால் மலைபோல் குவிந்துவிடும், காய்க்கு ஓரத்தில் ஒரு ஸ்பூன் இடம்தான் மிஞ்சும். காயிலும் ஒரு விஷயம்: உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும்.

ஒரு நாளைக்கு 400, 500 கலோரி குறைந்தால் போதும். வாரத்துக்கு அரை கிலோவுக்குள் இறங்கும். அதற்குமேல் அவசரப்பட்டால் தசை கரையும், முடி கொட்டும், சிலருக்குப் பித்தப்பையில் கல் வரும். இந்த மூன்றில் முடி கொட்டியதை நானே பப்பாளிக் காலத்தில் பார்த்துவிட்டேன்.

"சப்பாத்தி, ராகி, குதிரைவாலின்னு மாத்திட்டா?"

மாவை எடை போட்டுப் பாருங்கள். 100 கிராம் கோதுமை மாவு, ராகி, அரிசி மூன்றும் 320 முதல் 350 கலோரிக்குள்தான் நிற்கின்றன. ராகியில் கால்சியமும் நார்ச்சத்தும் அதிகம், பசி தாங்கும், அதனால் பிடித்தவர்கள் சாப்பிடலாம். ஆனால் நாலு சப்பாத்தியும் எண்ணெய் மிதக்கும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு "நைட்டு சோறே தொடல" என்று சொல்வதில் பயன் இல்லை.

"எண்ணெய் நான் கொஞ்சம்தாங்க ஊத்துறேன்."

கொஞ்சம் என்பது ஒரு அளவே இல்லை. மாதத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ரேஷன் பாமாயில், கடையில் வாங்கும் கடலெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு 4 லிட்டர். ஆளுக்கு மாதம் 1 லிட்டர், நாளைக்கு 33 மில்லி, கிட்டத்தட்ட 270 கலோரி. அதை 3 லிட்டராக்கினோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 65, 70 கலோரி குறைந்தது. யாருக்கும் தெரியவே இல்லை, கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஸ்பூனால் ஊற்றினேன், அவ்வளவுதான். செக்கு எண்ணெய் என்றாலும் கிராமுக்கு 9 கலோரிதான், அதில் சலுகை கிடையாது.

"நான் ஒண்ணுமே சாப்பிடறது இல்லக்கா. தண்ணி குடிச்சாகூட ஏறுது!"

வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் நானும் இதையே சொல்லியிருக்கிறேன். 1992இல் வெளியான ஒரு ஆய்வில், எவ்வளவு குறைத்தும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. உடம்பு எரிக்கும் கலோரியில் கோளாறு எதுவும் இல்லை.

உட்கார்ந்து சாப்பிட்டது மட்டும்தான் நம் நினைவில் நிற்கிறது. பையன் வைத்த அரை தோசை, உப்புப் பார்த்த கறி, கடைக்கு வந்தவர் நீட்டிய முறுக்கு, அப்புறம் டீ. எனக்கு ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன், 40 கிராம், 160 கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் இதே கணக்குதான். முதல் மாதம் ஸ்பூனை ஒன்றரையாக்கினேன், அடுத்த மாதம் ஒன்று, இப்போது அரை. ஒரு வாரம் மட்டும் வாயில் போடுவதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

"காசிமேட்டு மீனு இருக்கும்போது எப்படிக்கா டயட் இருக்கிறது?"

மீன் இருப்பதால்தான் எனக்கு முடிந்தது! 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. புரதம் வயிற்றில் நிற்கும், எடை குறையும்போது தசை கரையாமல் பார்த்துக்கொள்ளும். சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது (கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது). வஞ்சிரம்தான் சத்து என்று நினைக்க வேண்டாம். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, சங்கரா எல்லாம் அதே புரதம்தான். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இதயத்துக்கு நல்ல கொழுப்பு கூடுதலாகவே இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும்.

வாணலியில் எண்ணெய் நிறைய ஊற்றிப் பொரிப்பதுதான் கெடுக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது குழம்பில் இரண்டு துண்டு, தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் வாட்டியது ஒரு துண்டு. புளி கரைத்த குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவதை வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டேன். மீதி நாளில் தக்காளியும் பூண்டும் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது. நாட்டுப் படகு மீன் வரும், விலை கேட்டால் வந்த வழியே திரும்பத் தோன்றும். அப்போது முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 கலோரி. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, சோயா உருண்டையும் ஓடும். கருவாடும் சரிதான், ஆனால் உப்பு. வெந்நீரில் இரண்டு முறை அலசி, அந்த வேளைக்குக் குழம்பில் உப்பைக் குறைக்க வேண்டும். அப்பளம், ஊறுகாய் அன்றைக்கு வேண்டாம்.

"நாங்க சுத்த சைவம். எங்களுக்கு?"

பருப்பைக் கெட்டியாக வையுங்கள். தண்ணியாக ஓடும் சாம்பாரில் புரதம் தேட வேண்டாம். தினம் ஒரு கிண்ணம் சுண்டல், தயிர், மோர், இட்லிக்குச் சட்னிக்குப் பதில் பாசிப்பருப்பு சாம்பார். ரேஷனில் கிடைக்கும் துவரம்பருப்பு சிலர் வீட்டில் மாதக் கடைசி வரை மிச்சம் இருக்கிறது. மாதத்துக்குள் அது தீர்ந்துவிட்டால் சரியான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

"ராத்திரி சாப்பாட்டையே விட்டுடட்டுமா? 16 மணி நேரம் பட்டினி இருந்தா நல்லதுன்னு வீடியோல சொல்றாங்க."

2022இல் சீனாவில் 139 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்த ஆய்வு இருக்கிறது. இரண்டு பிரிவுக்கும் குறைந்த கலோரி, ஒரு பிரிவுக்கு மட்டும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்ற கட்டுப்பாடு. முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரத்தில் மந்திரம் எதுவும் கிடையாது. ராத்திரி பத்து மணி நொறுக்குத் தீனி அதனால் நிற்கும் என்றால் செய்யுங்கள். மறுநாள் காலையில் ஆறு பூரியும் வடகறியும் கேட்கும் என்றால் வேண்டாம். எனக்கு இரண்டாவது மாதிரிதான் ஆனது.

"ஞாயித்துக்கிழம பிரியாணி இல்லாம எங்க வீட்ல முடியாது. அதை சீட் டேன்னு வெச்சுக்கலாமா?"

பிரியாணி இல்லாத ஞாயிறு எங்கள் தெருவிலும் கிடையாது. ஆனால் சீட் என்றால் ஏமாற்று. யாரை ஏமாற்றுகிறோம்? கள்ளத்தனமாகத் தின்கிற எண்ணம் வந்ததும், இன்றைக்கு எப்படியும் கெட்டுவிட்டது, இன்னும் கொஞ்சம் தின்னலாம் என்று மனசு போய்விடும். என் மூன்று தோல்வியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் தொடங்கியது.

கணக்கைப் பாருங்கள். ஆறு நாள் தினம் 400 கலோரி மிச்சம் பிடித்தால் 2400. ஞாயிறு இரண்டு தட்டு பிரியாணி, பிரெட் அல்வா, பாட்டில் ஜூஸ், ராத்திரி பரோட்டா சால்னா என்று போனால் ஆறு நாள் சேர்த்தது அன்றைக்கே கரைந்துவிடும். ஒரு தட்டு பிரியாணியோடு நின்றால் அதில் பெரும்பகுதி தங்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமையை நான் வாரக் கணக்குக்குள் சேர்த்துவிட்டேன். காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு தட்டு பிரியாணி, சோறு குறைத்துக் கறித்துண்டு கூட, கிண்ணம் நிறைய வெங்காயப் பச்சடி. அல்வாவா ஜூஸா என்று வந்தால் அல்வா. ராத்திரி பசித்தால் மோரும் ஒரு பழமும். திங்கட்கிழமை பட்டினி கிடப்பது இல்லை, வழக்கமான சாப்பாடுதான்.

ஜாக்கெட் தைக்கும்போது உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். அளவுக்கு ஒட்ட வெட்டிவிட்டால் ஒரு பிரசவத்துக்குப் பிறகு அந்த ஜாக்கெட் குப்பைக்குத்தான். எனக்கு ஞாயிறு பிரியாணி அந்த உள்துணி மாதிரி.

"பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ?"

1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் பண்டம், விட மனசு வருமா? நூடுல்ஸ் மைதா, மேலே எண்ணெயும் பொரித்த வெங்காயமும். அதனால் ஒரு பிளேட்டை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு, கூட ஆளுக்கு ஒரு முட்டை மசாலா. வாழைத்தண்டு சூப்பை முதலில் குடித்துவிட்டுத் தொடங்குவேன். மாதம் ஒரு தடவை, பர்மா பஜாரில் ஏதாவது வாங்கப் போகும் சாக்கில்.

"ஆடி மாசம் தெருவுக்குத் தெரு கூழ் ஊத்துவாங்களே, அப்போ?"

குடியுங்கள்! கேழ்வரகும் நொய்யும் மோரும்தானே. கூழைச் சாப்பாட்டுக்கு மேலே குடிக்காமல், சாப்பாடாகவே குடிக்க வேண்டும். ஒரு சொம்பு கூழ், முருங்கைக்கீரை, கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு, அது ஒரு மதியம். மூன்று அம்மன் கோயிலில் மூன்று சொம்பு வாங்கினால் இரண்டை வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"வீட்டுக்காரருக்கு மணலியில நைட் ஷிப்ட். அவருக்கு எந்த வேளை எந்த வேளைன்னே தெரியல."

கடிகாரத்தை விட்டுவிட்டு தூக்கத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வேலைக்குப் போவதற்கு முன்னால் தட்டுக் கணக்குப்படி முழுச் சாப்பாடு. நடு ராத்திரிக்கு டப்பாவில் சுண்டல், இரண்டு அவித்த முட்டை, ஒரு கொய்யா. கேண்டீனில் போண்டாவும் டீயும் ஆறு தடவை போவது பசிக்காக இல்லை, தூக்கம் விரட்டத்தான். காலையில் வந்ததும் இரண்டு இட்லியோடு படுக்கட்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதனால் பகலில் அவர் தூங்கும் அறைக்கு ஒரு கனமான திரை தைத்துப் போடுங்கள். தையல் கூலியை நான் குறைத்து வாங்கிக்கொள்கிறேன்.

"டெய்லி ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதாதா?"

மனசுக்கும் சுகருக்கும் நடை ரொம்ப நல்லது. நானும் ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்குப் போவதுண்டு (1949இல் தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த அதே பூங்கா). ஆனால் ஒரு மணி நேர நடையில் என் எடைக்குச் சுமார் 200 கலோரிதான் போகும். வெளியே வந்து இரண்டு பஜ்ஜியும் ஒரு டீயும் முடித்தால் சரிக்குச் சரி. இளைப்பது பெரும்பாலும் தட்டில்தான் நடக்கிறது.

"மொதல் வாரம் ரெண்டு கிலோ இறங்கிச்சு. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. ஏன்?"

முதல் வாரம் இறங்கியதில் பாதிக்கு மேல் தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறது. சோறு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். அதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், நின்றதும் உடைந்துபோகவும் வேண்டாம். மாதவிடாய் வாரத்தில் ஒரு கிலோ கூடிக் காட்டுவதும் இப்படித்தான். வாரம் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதம் ஒரு தடவை டேப்.

மூன்று மாதமாக டேப்பும் நகரவில்லை என்றால் அது வேறு. 78 கிலோ உடம்புக்கு வேண்டிய அளவு 70 கிலோ உடம்புக்கு வேண்டாம், அதனால் அதே தட்டு இப்போது சரிக்குச் சரியாகிவிட்டது. துண்டுச் சீட்டை மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். எனக்கு 71 கிலோவில் ஐந்து மாதம் நின்றது. சீட்டில் அகப்பட்டது வேர்க்கடலை. வேலைக்கு நடுவில் பொட்டலம் பொட்டலமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன், நல்லதுதானே என்று.

"ஒரு வேளைக்கு பவுடர் கலக்கிக் குடிச்சா போதும்னு எங்க தெருவுல ஒருத்தங்க விக்கிறாங்க."

நானும் வாங்கினேன். மூன்று டப்பா, ஒரு தையல் மெஷின் சர்வீஸ் செய்கிற பணம். இரண்டு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினால் எதைக் குடித்தாலும் இளைக்கும். நிறுத்தியதும் பசி வட்டியோடு வந்தது. விற்றவர் என்னையே ஆள் சேர்க்கச் சொன்னபோதுதான் வியாபாரம் எதில் நடக்கிறது என்று புரிந்தது. இளைப்பு டீ, கொழுப்புக் கரைக்கும் லேகியம் எல்லாம் இதே வரிசைதான். பேதி மருந்து கலந்த டீயில் இறங்குவது தண்ணீர்.

"ஊசி போட்டா சரசரன்னு இறங்குதாமே?"

இது பவுடர் மாதிரி இல்லை, உண்மையான மருந்து. செமாக்ளூடைட் போன்றவை பசியைக் குறைக்கின்றன, எடையும் நன்றாகவே இறங்குகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது, விலையும் நம் பக்கத்துக்கு அதிகம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று 2022இல் ஒரு ஆய்வு வந்தது: ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ரொம்ப அதிக எடையும் கூடவே நோயும் இருக்கிறவர்களுக்கு டாக்டரே அதைச் சொல்லலாம். மகள் கல்யாணத்துக்கு முன் ஆறு கிலோ குறைய வேண்டும் என்பதற்கு வேண்டாம்.

"நான் சுகர் மாத்திரை சாப்பிடுறேன். நீ சொன்னபடி சோத்தைக் குறைக்கட்டுமா?"

டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சுகர் திடீரென்று கீழே போய் மயக்கம் வரும். பட்டினி வீடியோக்கள் இவர்களுக்கு இல்லவே இல்லை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், வளர்கிற பிள்ளைகளும் இந்தப் பக்கத்தைப் பார்த்து எதையும் குறைக்க வேண்டாம். காரணமே தெரியாமல் எடை ஏறினாலும் இறங்கினாலும் தைராய்டு உட்பட எல்லாம் சோதித்துவிடுங்கள். சுகர், பிரஷரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் வந்த பிறகு வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

"எனக்கும் இளைச்சுது. திரும்ப ஏறிடுச்சு. இனிமே அவ்ளோதானா?"

எனக்கும் ஏறியது, இந்த நான்காவது முறையிலேயே. அம்மா இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நான் வராண்டாவில் பன்னும் டீயும் தின்று கிடந்தேன். 5 கிலோ. அப்போது டயட்டைப் பற்றி யாராவது பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கவில்லை. முதல் வாரம் டீ சர்க்கரை மட்டும். அடுத்து எண்ணெய் ஸ்பூன். அதற்கடுத்த வாரம்தான் சோற்றுக் கரண்டி. நாலு மாதத்தில் இறங்கிவிட்டது, ஏனென்றால் திரும்பிப் போக வேண்டிய சாப்பாடு எனக்குத் தெரிந்த சாப்பாடு. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடு இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது அப்படியே வைத்திருப்பவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறவர்கள். இரண்டு கிலோ ஏறும்போதே தெரிந்தால் இரண்டைத்தான் இறக்க வேண்டும், பத்தை இல்லை.

"சரிக்கா, பழைய ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. எப்போ புடிச்சுத் தைக்கக் கொடுக்கலாம்?"

டேப் அளவு மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்ற பிறகு கொண்டு வாருங்கள். அதுவரை ஊக்கு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பிடித்துத் தருகிறேன், ஆனால் உள்ளே மிஞ்சும் துணியை வெட்ட மாட்டேன். வெட்டச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். புதுசு தைக்கிறதாக இருந்தால் ஆடித் தள்ளுபடியில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு வாருங்கள், தீபாவளி நெருங்கிவிட்டால் என்னால் முடியாது.